விறகுக் கொதிகலனும் மின்தடையும்

தேவாலாவில் நீங்கள் ஒரு வீடு கட்டுவதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் தேவாலாவும் ஒன்று. உதகையைப் போல இங்கு உறைபனி வருத்துவதில்லை, ஈரமே வருத்துகிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் துவைத்த துணி நாள்கணக்கில் உலராது. சுவரில் பூஞ்சணம் படரும். விறகுக்கோ பஞ்சமில்லை. ஆகவே, விறகுக் கொதிகலன் ஒன்றை நிறுவி, அதில் சூடாகும் நீரைக் குழாய்கள் வழியே எல்லா அறைகளுக்கும் அனுப்பினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். குளிர்நாடுகளில் எத்தனையோ வீடுகள் இவ்வாறுதான் வெப்பம் பெறுகின்றன.

எண்ணம் நல்லதே. ஆனால் இதற்கென வழக்கமாகக் காட்டப்படும் அமைப்பைத் தேவாலாவின் மழைக்காலத்தில் வைத்து எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

அமைப்பு இதுதான்: கீழே ஒரு கொதிகலன்; அறைதோறும் ரேடியேட்டர் எனப்படும் இரும்புத் தகட்டுப் பெட்டி; இவற்றை இணைக்கும் மூடிய குழாய்ச் சுற்று; நீரை ஓட்ட ஒரு மின்பம்பு. வாயுவால் எரியும் கொதிகலனுக்கு இது பொருந்தும். மின்சாரம் நின்றால் வாயு வால்வு தானே மூடிக்கொள்ளும், நெருப்பும் அணைந்துவிடும். விறகு நெருப்புக்கு அத்தகைய விசை ஏது? காற்றுக் கதவை மூடினாலும் தணல் நெடுநேரம் கனன்றுகொண்டே இருக்கும்.

கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் காற்றும் மழையும் வலுக்கும்போது மரம் சாய்ந்து மின்கம்பி அறுவது புதிதன்று. வீட்டை வெதுவெதுப்பாக்க வேண்டிய அதே இரவில்தான் பம்பும் நின்றுபோகும். பிறகு நடப்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 8,600 கிலோகலோரி, அதாவது 10 கிலோவாட் தரும் சிறிய கொதிகலன் ஒன்று. அதனுள் 20 லிட்டர் நீர் 70 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் நீர் 97 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவே கொதித்துவிடும். அந்த 27 டிகிரி ஏறுவதற்கு 540 கிலோகலோரி போதும். நெருப்பு முழுவேகத்தில் இருந்தால் நான்கு நிமிடங்களுக்குள் நீர் கொதிநிலையை எட்டிவிடும்! ஒரு லிட்டர் நீர் நீராவியாக மாறினால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் கேட்கும். குழாய்ச் சுற்று மூடியிருந்தால் அந்த இடம் எங்கிருந்து கிடைக்கும்? பாதுகாப்பு வால்வு ஒன்றையே நம்பியிருக்க வேண்டியதுதான். அதுவும் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போயிருந்தால் கலன் வெடிக்கும்.

இந்த உண்மையை நம் வீட்டுப் பழைய செம்பு பாய்லர் அறிந்திருந்தது எனலாம். நடுவே கரி எரியும் குழல், சுற்றிலும் நீர், தண்ணீர் ஊற்றும் வாய் எப்போதும் திறந்தே இருக்கும். நீர் கொதித்தால் ஆவி வெளியே போகும், அவ்வளவுதான். அதில் அழுத்தம் சேர வழியே இல்லை. அந்த எளிய கலனிடமிருந்து புதிய அமைப்பு கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

கொதிகலன் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்கட்டும். அதன் உச்சியிலிருந்து ஒரு குழாய், எவ்வித வால்வும் இன்றி, நிரப்புத் தொட்டிக்கு மேல்வரை ஏறித் திறந்து நிற்கட்டும். கொதிநீர் அத்தொட்டியில் விழக்கூடும் என்பதால், மொட்டைமாடியில் நாம் வைக்கும் பிளாஸ்டிக் தொட்டி இதற்கு ஆகாது. உலோகத் தொட்டியே வேண்டும். ஒரு ரேடியேட்டரையாவது பம்பின் உதவியின்றி இயங்குமாறு, அகலமான குழாயில், அடைப்பான் வைக்காமல் மேல்மட்டத்தில் இணைக்க வேண்டும். 80 டிகிரியில் ஒரு லிட்டர் நீரின் எடை 972 கிராம். 60 டிகிரியில் 983 கிராம். இந்தப் பதினொரு கிராம் வேறுபாடே சூடான நீரை மேலேற்றிக் குளிர்ந்த நீரைக் கீழிறக்கும். மின்சாரம் நின்றாலும் புவியீர்ப்பு நிற்பதில்லை அல்லவா?

இரண்டாவது குறை விறகைப் பற்றியது. நன்கு காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோகலோரி தரும். எடையில் பாதி நீராக உள்ள பச்சை விறகு ஏறத்தாழ 2,000 கிலோகலோரிதான் தரும். எரியும் பொருள் அதில் குறைவு என்பதோடு, உள்ள நீரை ஆவியாக்கவும் ஒரு பங்கு வெப்பம் செலவாகிவிடும். அத்துடன் கீல் போன்ற கசடு புகைபோக்கியில் படிந்து ஒருநாள் தீப்பற்றவும் கூடும். ஆனியில் வெட்டி ஆடியில் எரிக்கும் சில்வர் ஓக் கட்டைக்குக் கொதிகலன் வாங்குவது வீண்செலவு. கவாத்து வெட்டிய தேயிலை மிலாறானாலும் கோடையிலேயே கூரையின்கீழ் அடுக்கிக் காயவைக்க வேண்டும்.

மூன்றாவது, காற்று. புகைபோக்கி அடைபட்டாலும், ஈரத்துக்கு அஞ்சிச் சன்னல்களை முற்றிலும் மூடினாலும், கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தேங்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் விழிக்காமலே போன செய்திகளை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

இவற்றையெல்லாம் அரசு ஆய்வாளர் வந்து பார்ப்பார் என்று இருந்துவிடாதீர்கள். 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் வந்தது. 25 லிட்டருக்கும் குறைந்த கலன்களும், நீரை 100 டிகிரிக்குக் கீழாக மட்டுமே சூடாக்கும் கலன்களும் அதன் வரம்புக்குள் வருவதில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் நெருப்பைக் கவனிக்க ஆள் இருக்கிறார். உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்கள்தான்.

ஆகவே, வீடு முழுவதையும் பம்பின் பொறுப்பில் விடும் மூடிய அமைப்பு தேவாலாவுக்கு ஏற்றதன்று. குளிக்க வெந்நீர், துணி உலர்த்த ஓர் அறை, அவ்வறையில் தானே நீர் சுழலும் ஒரு ரேடியேட்டர், திறந்த குழாய் ஒன்று: இவ்வளவே கொண்ட சிறிய அமைப்பு இங்குள்ள குளிருக்குப் போதும். நிறுவ வருபவரிடம் விலையைக் கேட்பதற்கு முன், "நெருப்பு எரியும்போது மின்சாரம் போனால் வெப்பம் எங்கே போகும்?" என்று கேளுங்கள். வரைபடத்தில் விரல் வைத்து அவர் விடை காட்டினால் மட்டுமே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.