கொம்பேறிமூக்கன்

ஆளைக் கடித்துவிட்டு, சிதைப்புகை கிளம்புவதைச் சுடுகாட்டு மரத்தின் உச்சியிலிருந்து பார்த்த பிறகுதான் இறங்குமாம். அப்பத்தா சொன்ன இந்தக் கதைக்குப் பயந்தே முருங்கையடிப் பக்கம் நான் ஒதுங்கியதில்லை.

போன ஆடியில் அதே முருங்கையில் பார்த்தேன். பத்து மணி வெயில். பகலில் இரை தேடுகிற பாம்பு இது, இருட்டியதும் அடங்கிவிடும். சுண்டுவிரல் பருமன், ஒரு மீட்டர் நீளம். முதுகு நெடுகப் புழங்கி மங்கிய வெண்கலப் பானையின் நிறத்தில் ஒரு பட்டை. முகத்துக்குக் கொஞ்சம் பெரிதான வட்டக் கண். மேல்கிளை ஓணானை நோக்கி ஏறியது. ஓர் இலைகூட உதிரவில்லை. வயிற்றுச் செதில்களின் இரு ஓரமும் மடிப்பு விட்டிருக்கும். அந்த விளிம்பை மரப்பட்டையின் சொரசொரப்பில் கொடுத்து ஏறுகிற வித்தை அது.

நான் அசைந்ததும் கழுத்தை உப்பியது. செதில்களுக்கு நடுவே பளிச்சென்று நீலம்! அவ்வளவுதான் அதன் மிரட்டல். துளி விஷம் கிடையாது. பல்லி, ஓணான், தவளைக்குத்தான் அது எமன்.

1803இல் இதற்கு அறிவியல் பெயரிட்ட பிரெஞ்சுக்காரர் தோதேன், ‘டிரிஸ்டிஸ்’ என்று சேர்த்தார். லத்தீனில் ‘சோகமானது’. எதைக் கண்டு சொன்னாரோ! சுடுகாட்டுக் கதையைவிட இது பெரிய அபாண்டம்.

பக்கத்து வீட்டு அக்கா கம்போடு ஓடிவருவதற்குள் வேப்பமரத்துக்குத் தாவிவிட்டது. ஓணான் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தது.