பக்கத்தில் ஓர் இடம்

நூலகங்களில் புழங்கும் டூயி தசமப் பகுப்பு முறையில் ஆங்கில இலக்கியத்தின் எண் 820. தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. மலையாளத்துக்கு அதையடுத்த 894.812. இலக்கியம் என்ற பெரும்பிரிவில் 810 முதல் 880 வரை எட்டு இடங்களை ஐரோப்பிய, அமெரிக்க இலக்கியங்கள் எடுத்துக்கொண்டன. உலகின் மற்ற மொழிகள் எல்லாம் 890 என்ற ஒரே இடத்துக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. தசமப் புள்ளிக்குப் பின் இலக்கங்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்பதால் 1876இல் வெளிவந்த இந்த முறைக்கு முடிவே இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் கீழ்நோக்கி எவ்வளவு இறங்கினாலும் பக்கத்தில் நகர அங்கே இடம் கிடையாது. புதிதாக வருவது ஏற்கெனவே இருப்பதன் அடியில்தான் போய் நிற்க முடியும். இணையதளங்களை இயக்கும் உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளில் தரவுப் புலங்களை, அதாவது ஒவ்வொரு தகவலும் போய் அமரும் பெட்டிகளை, வடிவமைப்பதை ஒரு கலையாக ரசிக்கலாம் என்று நான் சொல்வதற்கு இந்த வேறுபாடுதான் அடிப்படை. நல்ல புலம் வளரும். அதிலும் பக்கவாட்டில், இருப்பதைக் கலைக்காமல் வளரும்.

இந்தச் சிக்கலை மிக அழகாக அவிழ்த்தவர் நம்மவர். 1892இல் சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அதில் ஒரு நுட்பம் உண்டு. எண் வரிசையில் 1 முதல் 8 வரைதான் பொருள் ஏற்றுவார். 9க்குத் தனியாகப் பொருள் தரமாட்டார். ஒன்பதாவது பொருள் வந்தால் அது 91 ஆகும். பிறகு 98 வரை போகலாம், அதன் பின் 991. பார்வைக்கு 91 என்பது 9இன் உட்பிரிவு போலத் தெரிந்தாலும், 9 வெறும் வழிவிடும் இலக்கம் என்பதால் 91க்கும் 1க்கும் ஒரே தரம், ஒரே தளம். பின்னால் வந்தவர் முன்னால் வந்தவருக்குக் கீழே அல்ல, பக்கத்தில் அமர்கிறார். பத்து இலக்கங்களில் ஒன்றை வேண்டுமென்றே காலியாக விட்டு முடிவிலியை வாங்கிய இந்தக் கணக்கை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பகுப்பு முறையின் இன்னொரு தூணும் இதே மனத்திலிருந்து வந்ததுதான். ஒரு நூலின் பொருளை ஒரே அறையில் அடைக்காமல் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்று முகங்களாகப் பிரித்து, பிறகு கோர்த்தார். மரம் போல ஒரே வேரிலிருந்து கிளை பிரியும் பகுப்பில் எது முதல் கிளை என்ற சண்டை ஓயாது. முகங்களாகப் பிரித்துவிட்டால் அந்தச் சண்டைக்கே வேலையில்லை.

இதைக் கேரளத்தின் தென்கோடியில் ஆரியங்கோடு என்ற ஊரில் வைத்துப் பார்க்கலாம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அருகே, தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறத்துச் சிற்றூர்கள் நிறைய. அவற்றின் கோயில்கள், தேவாலயங்கள், பள்ளிகள், பத்திரங்கள் ஆகியவற்றைத் தொகுக்கும் ஓர் உள்ளூர் வரலாற்றுத் தளத்தை யாரேனும் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் தோன்றும் படிவம் எளிது: ஊர்ப் பெயர், தாலுகா, மாவட்டம், மாநிலம். நான்கு பெட்டிகள். ஒரு வாரம்கூடத் தாங்காது. நெய்யாற்றின்கரைத் தாலுகா 1949 ஜூலை 1 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அன்று முதல் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் கேரளம். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டது, கிடைக்கவில்லை. ஒட்டியே கிடக்கும் விளவங்கோடு தாலுகா அதே 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம் தாலுகாக்களோடு கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்துக்குப் போனது. ஆக, 1930இல் எழுதிய ஒரு பத்திரத்துக்கு ‘மாநிலம்: கேரளம்’ என்று பதிந்தால் அது பிழை. பழைய நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் முழுதாக நிற்கவில்லை. அதன் ஒரு பகுதி 2014இல் உருவான காட்டாக்கடைத் தாலுகாவுக்குப் போயிற்று. இதற்கு ‘பழைய மாநிலம்’, ‘அதற்கு முந்தைய மாநிலம்’ என்று பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டே போவது டூயி செய்ததைவிட மோசம். ‘எதற்குள் அடங்கும்’ என்று ஒரே புலம் போதும். அது எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வரலாம் என்று வைத்து, ஒவ்வொரு மதிப்போடும் ‘எப்போதிலிருந்து’, ‘எதுவரை’ என்று இரண்டு தேதிகளை இணைத்துவிட்டால் நாளை எல்லை மீண்டும் மாறினாலும் ஒரு வரிசை கூடும், அவ்வளவே. 2012இல் தொடங்கிய விக்கித்தரவு இப்படித்தான் இயங்குகிறது.

ஆரியங்கோடு இன்னொன்றையும் காட்டிவிடுகிறது. அந்தக் கிராம பஞ்சாயத்து பெருங்கடவிளை பிளாக்கில் வரும். சட்டமன்றத்துக்குப் பாறசாலைத் தொகுதி. தேவாலயங்களை எடுத்தால் 1996இல் அமைந்த நெய்யாற்றின்கரை லத்தீன் மறைமாவட்டமும், 2017இல் அமைந்த பாறசாலை சீரோ மலங்கரை மறைமாவட்டமும் தத்தம் எல்லைகளை வரைந்து வைத்திருக்கின்றன. வருவாய்த் துறை, உள்ளாட்சி, தேர்தல், திருச்சபை என்று ஒரே மண்ணின் மேல் நான்கு படிநிலைகள் கிடக்கின்றன. எந்த ஒரு மரத்திலும் ஊரைத் தொங்கவிட முடியாது. ரங்கநாதனின் முகங்கள் இங்கே நூலகத்துக்கு வெளியே வந்து வேலை செய்கின்றன.

பெயரே ஊரின் அடையாளம் என்று நினைப்பதும் ஆபத்து. மலையாளத்தில் நெய்யாற்றின்கரை என்று எழுதும்போது நடுவில் ஒரு சில்லெழுத்து வரும். 2008இல் யூனிகோடு 5.1 வரும்வரை அதை மூன்று குறியீடுகளால் தட்டினார்கள்: மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி. அதன் பிறகு அதே எழுத்துக்குத் தனிக் குறியீடு ஒன்று கிடைத்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கு அவை இரண்டு வேறு ஊர்கள். பழைய பதிவும் புதிய பதிவும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே தளத்தில் கிடக்கும். ஊருக்குப் பொருளற்ற ஓர் எண்ணைக் கொடுத்து, தமிழ், மலையாள, ஆங்கில வடிவங்களையும் பழைய எழுத்து முறைகளையும் அந்த எண்ணில் கோத்த பெயர்களாக வைப்பதே வழி.

கீழ்நோக்கி வளர்வது எப்போதும் குற்றமா என்று கேட்கலாம். இல்லை. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் நில அளவை எண்களைப் பாருங்கள். 112 என்ற நிலம் பாகம் பிரிந்தால் 112/2, அது பிரிந்தால் 112/2ஏ, பிறகு 112/2ஏ1. எந்தப் பழைய எண்ணையும் தொடாமல் தலைமுறைகளின் பாகப்பிரிவினையைத் தாங்கும் அருமையான ஏற்பாடு அது. அங்கே உட்பிரிவு நியாயமானது, ஏனென்றால் அந்தத் துண்டு மெய்யாகவே அந்த நிலத்திலிருந்து அறுத்து எடுத்தது. தமிழ் இலக்கியமோ டூயியின் 890 என்ற ‘ஏனையவை’யிலிருந்து பிரிந்து வந்ததல்ல. எது எதன் பாகம், எது எதற்குச் சமம் என்று தெரிந்து புலம் போடுவதில்தான் வடிவமைப்பாளரின் கண் தெரிகிறது.

வலுவான மறுப்பு நடைமுறையாளர்களிடமிருந்து வரும். இத்தனை முன்யோசனை எதற்கு, வேண்டும்போது பெட்டியைச் சேர்த்துக்கொள்ளலாமே என்பார்கள். உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளில் வேர்ட்பிரஸ் அந்த வழியில் போனது. அதன் போஸ்ட்மெட்டா அட்டவணையில் எந்தப் பெயரிலும் எதையும் போடலாம். எல்லாமே நீள் உரையாகத் தங்கும். தொடங்க இதைவிட இலகுவானது இல்லை. ஆனால் எண்ணாகக் கருதச் சொல்லி தனியே கேட்காவிட்டால் அங்கே 1000 என்பது 9க்கு முன்னால் வரும். வடிவமே இல்லாத தாராளமும் வளர்ச்சி ஆகாது. ட்ரூபல் மறுமுனை. 2011இல் வந்த அதன் 7ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு புலத்துக்கும் தனி அட்டவணை. தரவு ஏறிய பிறகு புலத்தின் வகையை மாற்ற விடாது. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். அதற்கு விலை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: நாற்பது புலங்கள் கொண்ட ஒரு பக்கத்தைத் திரட்ட நாற்பது அட்டவணைகளைத் தொட வேண்டியிருக்கும், தற்காலிகச் சேமிப்பு இல்லாமல் தளம் திணறும். ஆனால் வேகத்தைப் பிறகு வாங்கலாம். பத்தாயிரம் பதிவுகளில் கலந்துபோன பொருளை மனிதர் ஒவ்வொன்றாக உட்கார்ந்துதான் பிரிக்க வேண்டும். மேலும் நான் கேட்பது நிறையப் புலங்களை அல்ல. திரும்ப வரக்கூடியதைத் திரும்ப வர விடுவது, உரைக்குப் பதில் வேறொரு பதிவின் எண்ணைச் சுட்டுவது, பெயரையும் அடையாளத்தையும் பிரிப்பது ஆகிய மூன்றும் படிவத்தைக் குறுக்கவே செய்யும். பதிவிடுபவர் பார்க்கும் பெட்டிகள் குறைவு.

அந்த உள்ளூர் வரலாற்றுத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்திருக்கப்போவது தேதிப் புலம்தான். திருவிதாங்கூர்ப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். அது சிங்கம் மாதத்தில், ஆகஸ்டு நடுவில் தொடங்குவதால் கொல்லம் 1100 என்று மட்டும் கண்ட ஓர் ஆவணம் 1924 ஆகஸ்டுக்கும் 1925 ஆகஸ்டுக்கும் இடையில் எந்த நாளிலும் எழுதப்பட்டிருக்கலாம். அவசரக்காரர் 1924 என்று பதிவார். நல்ல வடிவமைப்பு மூன்று பகுதிகள் வைக்கும்: பத்திரத்தில் உள்ளபடி, முந்தைய எல்லை, பிந்தைய எல்லை. வரிசைப்படுத்துவதற்குக் கணினிக்கு எல்லைகள் போதும். ஆராய்பவருக்கு மூலம் அப்படியே கிடைக்கும். மாதமும் நாளும் தாங்கிய மற்றொரு படி பின்னால் அகப்பட்டால், எல்லைகள் இரண்டும் ஒரே நாளில் வந்து சேரும். பத்திரத்தில் உள்ளபடி என்ற பகுதியில் இரண்டாவது மதிப்பு ஒன்று ஏறும். முன்பு பதிந்த மூலத்தில் ஓர் எழுத்தையும் அழிக்க வேண்டிவராது.