நாள் தேடும் நூல்கள்

வீட்டு அலமாரியிலுள்ள பழைய நூல்களை ஆண்டின் நாள்களோடு பொருத்தி, இன்ன நாளுக்கு இன்ன நூல் என எடுத்துப் படிக்கும் பழக்கம் நூலன்பர் சிலரிடம் உண்டு. பொழுதுபோக்குப் போலத் தோன்றினும் இஃது ஒரு திறனாய்வுச் செயலே. ஒரு நூலுக்கு நாள் குறித்துக் கொடுப்பவர், அந்நூலின் உயிர் எங்கே இருக்கிறது என்பது பற்றித் தம் முடிவைச் சொல்லிவிடுகிறார். அம்முடிவு சிந்தனையில் பிறந்ததா, சோம்பலில் பிறந்ததா என்று கேட்கும் உரிமை மற்றவர்க்கு உண்டு. கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் தமிழரின் நூல்களை வைத்து இதனைச் செய்துபார்க்கும்போது, அக்கேள்வி கூர்மை பெறுகிறது.

நாளையும் நூலையும் இணைப்பது தமிழர்க்குப் புதிதன்று. மார்கழித் திங்களின் முப்பது நாள்களுக்கும் திருப்பாவையின் முப்பது பாசுரங்கள் அமைந்துள்ளன. சைவர்கள் திருவெம்பாவையின் இருபது பாடல்களோடு திருப்பள்ளியெழுச்சியின் பத்தையும் கூட்டி அதே கணக்கை நிறைவு செய்துகொண்டனர். சித்திரா பௌர்ணமியன்று சித்திரகுப்தன் கதை படிக்கப்பெறும். திரௌபதை அம்மன் விழாவில் பாரதம் படிக்கப்பெறும். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டிய பால்மரத் தோட்டத்து மக்களிடமும் இத்தகைய வாசிப்பு வந்து சேர்ந்தது. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, லயத்து மக்கள் சூழ்ந்திருந்து கேட்பர். இங்கு நாள்தான் நூலை அழைக்கிறது. அந்நாளில் அந்நூல் ஒலிக்காவிடின் நாளே நிறைவுறாது என்னும் உணர்வு கேட்போர்க்கு இருந்தது.

இக்கால இலக்கியத்திற்கு வரும்போது இவ்வியல்பான பிணைப்பு அறுந்துபோகிறது. ஆகவே பலரும் எளிய வழியை நாடுகின்றனர்: ஆசிரியர் பிறந்த நாளில் அவர் நூல்! ஏப்ரல் 29 வந்தால் பாரதிதாசன், டிசம்பர் 11 வந்தால் பாரதி. இதில் பிழை ஒன்றுமில்லை. ஆயினும் நூலைப் படிக்காமலேயே இப்பொருத்தத்தைச் செய்துவிடலாம் என்பதே இதன் குறை. டிசம்பர் 11 கெடாவுக்கு வேறொரு வகையிலும் உரிய நாள். 1941-ஆம் ஆண்டில் அந்நாளில்தான், சயாம் எல்லையைக் கடந்து வந்த ஜப்பானியப் படைக்கும் பிரிட்டிஷ் தரப்புப் படைக்கும் ஜித்ராவில் போர் மூண்டது. பிரிட்டிஷ் தரப்பில் நின்றவருள் இந்தியப் படையினரும் இருந்தனர். ஓரிரு நாள்களில் அப்படை பின்வாங்கிற்று. கெடாத் தோட்டங்களின் வாழ்வு தலைகீழாயிற்று. பாரதியின் தொகுதியை அந்நாளிலிருந்து அகற்ற வேண்டியதில்லை. ஆனால், தன் ஊரின் மண்ணில் அதே நாளில் நடந்ததை அறியாத கெடா மாணவன், பாரதியின் பிறந்த நாளை மட்டும் பிழையறச் சொல்வானாயின், அவனுடைய நாட்காட்டி வேறெங்கோ அச்சானது என்றே கொள்ள வேண்டும்.

நூலுக்குள் ஓடும் காலத்தைப் பார்த்து நாள் குறிப்பதே தக்க வழி. தோட்டத்து வாழ்வைக் கூறும் நாவல்களில் தேதிகள் அரிது, பருவங்களே மிகுதி. ஆண்டின் தொடக்க மாதங்களில் கித்தா மரம் இலையுதிர்க்கும், பால் குறையும், பால் குறைய வருவாயும் குறையும். மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டில்லை. சம்பள நாள் வந்தால் கடைக்கணக்குத் தீர்க்க வேண்டும். சுங்கைப்பட்டாணி எழுத்தாளர் சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ போன்றதொரு தோட்டத்து நாவலை, அது வெளிவந்த நாளில் வைப்பதால் விளங்குவது எதுவுமில்லை. இலையுதிர்ந்து வெயில் நேரே தரையில் விழும் அந்த வறண்ட வாரங்களில் வைத்துப் படித்தால், தோட்டத்து மக்களின் பேச்சில் உள்ள வறட்சியும் எரிச்சலும் எங்கிருந்து வருகின்றன என்பது புலனாகும். இன்று பல தோட்டங்களில் கித்தா போய்ச் செம்பனை நிற்கிறது. அம்மரங்களின் நடுவே வளர்ந்த மாணவர்க்கு இலையுதிர்காலம் என்றால் என்னவென்பதையே ஆசிரியர் எடுத்துரைக்க வேண்டியிருக்கும்.

மிகக் கடினமான பொருத்தம் சயாம் மரண ரயிலைப் பற்றிய நூல்களுக்கு உரியது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, கோ. புண்ணியவானின் ‘கையறு’ ஆகிய நாவல்கள் அத்துயரைப் பேசுவன. வரலாற்று நூல் தரும் நாள் ஒன்று உண்டு. சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர்ப் பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17 அன்று ஒன்று சேர்ந்தன. நாட்காட்டியில் தேதி தேடுபவர் அந்நாளைக் கண்டதும் மகிழ்ந்து நாவலை அங்கே வைத்துவிடுவார். ஆனால் அது யாருடைய நாள்? பாதை அமைத்த ஜப்பானியப் படையின் வெற்றி நாள் அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் அதற்கு முன்னும் பின்னும் காட்டில் மாண்டனர். காஞ்சனபுரியிலுள்ள நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயரும் இறந்த நாளும் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழர்க்கு அத்தகைய கல் இல்லை. இறந்த நாள் தெரியாமையால் வீட்டாருக்குத் திதியும் இல்லை. காலராவிலும் பசியிலும் போனவர் எந்தப் பிறையில் போனார் என்று எவர் சொல்வார்?

திதி அறியப்படாதோர்க்கெனத் தமிழர் வழக்கில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டுள்ளது. அது புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசை. இந்நாவல்களுக்கு உரிய நாள் அதுவே எனல் தகும். இது சமயச் சடங்கை இலக்கியத்தின்மேல் ஏற்றுவதாகும் என்று மறுப்போர் இருக்கலாம். மாண்டோருள் இந்துக்கள் அல்லாதாரும் இருந்தனர். தமிழரல்லாத மலாய்க்காரரும் பர்மியரும் இருந்தனர் என்பது உண்மை. எனினும் இப்பொருத்தம் கதையின் மையத்தைச் சுட்டுகிறது. போனவர் திரும்பவில்லை, எப்போது இறந்தார் என்ற செய்தியும் திரும்பவில்லை. அந்த இன்மையே இத்தகைய நாவல்களின் துயரம். பாலமும் தண்டவாளமும் பின்னணி மட்டுமே. வகுப்பில் இந்நாவல்களைப் போரின் வரலாறாக மட்டும் கற்பித்து, ஆண்டுகளை மனப்பாடம் செய்விக்கும் முறைக்கு அக்டோபர் 17 போதுமானது. நாவலாகக் கற்பிக்க அது போதாது.

இவ்வாறு பொருத்திக்கொண்டே வரும்போது அலமாரியின் வெற்றிடமும் வெளிப்படும். ராசேந்திரன் ஏறத்தாழ 1025-இல் கடாரத்தின்மேல் படை செலுத்தினான். அந்தப் பழங்கடாரத்தின் பெருமையை விரும்புவோர்க்குச் சாண்டில்யனின் ‘கடல் புறா’ மூன்று பாகங்களாக முன்வரிசையில் நிற்கும். 1947-இல் அதே கெடாவில், பீடோங் வட்டாரத்து ஆர்வார்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது, கள்ளுக்கடைகளை எதிர்த்தது, தோட்ட நிருவாகத்தோடும் காவல்துறையோடும் மோதியது, தொழிலாளர் உயிரிழந்தனர். சோழர் கப்பல்களைப் பற்றி விரித்துரைக்கும் வீட்டில் இதைப் பற்றி ஒரு நூல் கேட்டால், பெரும்பாலும் கைகள் அலமாரியில் தடவிக்கொண்டே இருக்கும். அந்த இடத்திற்கு வேறொரு நூலை எடுத்து ஒட்டவைப்பது பொருந்தாது. மாணவர் தம் பட்டியலில் ‘பீடோங், 1947’ என்று எழுதி, நூற்பெயருக்குரிய கட்டத்தை வெறுமையாகவே விட்டுவைக்கலாம்.