ஜெயரத்தினம் வில்சன்: பதுளையிலிருந்து ஒரு வாசிப்பு

1978 அரசியலமைப்பைப் படிப்பிக்கப் போகிற எவருக்கும் பேராசிரியர் ஏ. ஜெயரத்தினம் வில்சனைத் (1928–2000) தாண்டிப் போக ஏலாது. பிரான்சின் டி கோல் ஆட்சிமுறையோடு அதை ஒப்பிட்டு 1980 இல் அவர் ஒரு நூல் எழுதினார். பேராதனையில் அரசறிவியல் பேராசிரியராக இருந்துவிட்டு 1972 இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். தேர்தல், யாப்பு, தமிழ்த் தேசியம் ஆகிய மூன்றையும் கடைசிவரை விடவில்லை. ஜே.ஆருக்கும் கூட்டணிக்கும் இடையில் தூதுபோன அனுபவமும் அவருக்கு இருந்தது. யாப்பு எப்படி இயங்குகிறது என்பதை அவரளவு தெளிவாகச் சொன்னவர்கள் நம் நாட்டில் குறைவு.

எனக்கு இடறுவது வேறிடம். நான் தமிழ் படித்தவன். நூலின் தலைப்பை இரண்டு தரம் வாசிக்கிற பழக்கம் உண்டு. 1988 இல் வந்த நூலின் உபதலைப்பு ‘சிங்கள – தமிழ் முரண்பாடு’. 2000 இல் வந்தது ‘இலங்கைத் தமிழ்த் தேசியம்’ பற்றியது. “சேர், இதில நாங்க எதுக்குள்ள வாறம்?” என்று உயர்தர வகுப்புப் பிள்ளையொன்று கேட்டால் என்ன சொல்வது? குடிசன மதிப்பீட்டில் இலங்கைத் தமிழர் ஒரு நிரல், இந்தியத் தமிழர் இன்னொரு நிரல், சோனகர் வேறொன்று. அரசாங்கம் போட்ட அந்தக் கோட்டை ஆய்வாளரும் அப்படியே ஏற்றுக்கொண்டார் என்பதே என் முறைப்பாடு.

இத்தனைக்கும் தோட்ட மக்களின் பிரஜாவுரிமைதான் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டுப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு முக்கிய காரணம். ‘தமிழ் பேசும் மக்கள்’ என்று முஸ்லிம்களையும் மலையகத்தாரையும் சேர்த்துச் சொன்னதும் அக்கட்சியே. செல்வநாயகத்தின் மருமகனான வில்சன் 1994 இல் மாமனாரைப் பற்றி எழுதினார். அதிலும் தோட்டத்தார் ஒரு கட்சி பிறந்ததற்கான காரணமாக வருகிறார்களே தவிர, தங்களுக்கென்று அரசியல் உள்ளவர்களாக வருவதில்லை என்பது என் வாசிப்பு.

ஊவாவின் கதையோ அங்கேதான் தொடங்குகிறது. 1947 இல் பதுளை, இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948, 1949 சட்டங்கள் வந்தன. 1952 தேர்தலில் அக்கட்சிக்கு நாடு முழுக்க ஒரு ஆசனமும் இல்லை. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று இரண்டு பிரதமர்கள் பிரித்தார்கள். 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தபோது இந்த நிரல் வித்தியாசத்தை எவனும் கேட்கவில்லை.

நம்மவர்கள் மறக்கிற ஒன்றும் உண்டு. 1949 சட்டத்தின் பெயரே ‘இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்’ சட்டம். தமிழ்நாட்டிலிருந்து வந்து தோட்டப்புறக் கடைவீதிகளில் வியாபாரம் செய்த இந்தியச் சோனகரும் அதன்கீழ் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. லயத்துக்காரருக்கும் முதலாளிக்கும் ஒரே படிவம்! வில்சனின் நூல்களில் இதைத் தேடிப் பயனில்லை. பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கத்து வீடுகளின் அலுமாரிகளில் அந்தக் கடுதாசிகள் இன்னும் கிடக்கக்கூடும். நம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் யாராவது அவற்றைக் கறையான் தின்னுமுன் கேட்டு வாங்கிப் பிரதி எடுக்க வேண்டும்.