ஆமை ஓடும் பானை ஓடும்

சில மாதங்களுக்கு முன் எங்கள் கல்லூரியின் இயற்பியல் மாணவர் ஒருவர் கால்சட்டைப் பையிலிருந்து ஓர் ஓட்டுச் சில்லை எடுத்து என் மேசைமீது வைத்தார். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. ஓரத்தில் இரண்டு மூன்று கீறல்கள். உறவினர் தோட்டத்தில் உழும்போது கிடைத்ததாம். “சார், இதைக் கார்பன் சோதனைக்கு அனுப்பினால் வயது தெரிந்துவிடும் அல்லவா?” என்று கேட்டார்.

தெரியாது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. “கீழடி ஓட்டுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?” என்றார். நல்ல கேள்வி. நாளிதழ்களும் மேடைப் பேச்சுகளும் பள்ளிக் கண்காட்சி அட்டைகளும் நாள்தோறும் செய்யும் ஒரு பிழை அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

எலும்பில் எழுதிய அரசர்கள்

முதலில் சீனத்துக்குப் போய் வருவோம். அங்கு ஆன்யாங் நகருக்கு அருகே ஷாங் மரபின் கடைசி அரசர்கள் ஆண்டார்கள். காலம் ஏறத்தாழ கி.மு. 1250 முதல் 1050 வரை. மழை வருமா, விளைச்சல் எப்படி, பல்வலி தீருமா, போருக்குப் போகலாமா என்று முன்னோரிடம் குறி கேட்பது அவர்கள் வழக்கம். ஆமையின் அடிவயிற்று ஓட்டிலோ மாட்டின் தோள்பட்டை எலும்பிலோ சிறு குழிகள் குடைந்து, அவற்றில் சூடு வைப்பார்கள். மறுபுறம் விரிசல் விடும். அந்த விரிசலைப் பார்த்து அரசர் பலன் சொல்வார். பிறகு கேள்வியையும் நாளையும், சில வேளைகளில் பலனையும், பின்னர் நடந்ததையும் அதே ஓட்டில் செதுக்கி வைப்பார்கள்.

வூ டிங் என்ற அரசரின் துணைவி ஃபூ ஹாவோ கருவுற்றிருந்தபோது கேட்ட குறி ஒன்று கிடைத்திருக்கிறது. இன்ன நாள்களில் பிறந்தால் நல்லது என்று அரசர் சொன்னதும், வேறொரு நாளில் பெண் பிறந்ததும், அது நல்லதாகவில்லை என்பதும் அதில் பதிவாகியுள்ளன. பெண் பிறந்ததைத் தீமை என்ற எண்ணம் நமக்கு ஏற்புடையதன்று. ஆனால் அரசர் விரும்பியபடி நடக்கவில்லை என்பதையும் செதுக்கி வைத்தார்களே, அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனை செய்யும் மாணவர் சிலர், 980 என்ற விடையை முதலில் எழுதிவிட்டு அளவுகளைப் பின்னால் நிரப்புவதுண்டு. ஷாங் எழுத்தர் அவர்களைவிட மேல்!

இந்த எலும்புகள் நீண்ட காலம் ‘டிராகன் எலும்பு’ என்ற பெயரில் மருந்துக் கடைகளில் விற்கப்பட்டுப் பொடியாகிக்கொண்டிருந்தன. 1899ஆம் ஆண்டில் வாங் யிரோங் என்ற அறிஞர் அவற்றில் இருப்பது பழைய எழுத்து என்று கண்டறிந்தார். முறையான அகழாய்வு 1928இல்தான் தொடங்கியது. அப்படியிருந்தும் கடையில் வாங்கிய எலும்புகள் பயனற்றுப் போகவில்லை. ஏன்? எலும்பு உயிர்ப்பொருள், அதன் வயதைச் சொல்லும் கரிமம் அதற்குள்ளேயே இருக்கிறது. அதன்மேல் அரசர் வழிபட்ட முன்னோர் பெயரும், குறி பார்த்தவர் பெயரும், நாள் கணக்கும், சிலவற்றில் சந்திர கிரகணக் குறிப்பும் உண்டு. தன் சாட்சியைத் தானே சுமந்து வரும் பொருள் அது.

அண்டை வீட்டுச் சாட்சி

இனி நம் ஓட்டுக்கு வருவோம். உயிருள்ளவை காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கரிமத்தைப் பெறுகின்றன. அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கமுள்ள கரிமம் 14. உயிர் போனபின் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் நடக்கும். 5730 ஆண்டுகளில் பாதி கரைந்துவிடும். 2500 ஆண்டுகள் சென்றால் ஏறத்தாழ நூற்றுக்கு 74 பங்கு எஞ்சியிருக்கும். எஞ்சியதை அளந்து வயதைக் கணக்கிடலாம் என்று காட்டிய வில்லார்டு லிபிக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று முடுக்கிக் கருவியால் அணுக்களையே எண்ணிவிடுகிறார்கள். சில மில்லிகிராம் கரி போதும்.

ஆனால் பானை களிமண். அது என்றும் உயிரோடு இருந்ததில்லை. எனவே ஓட்டின் வயது என்று நாம் படிப்பது பெரும்பாலும் ஓட்டுக்கு அருகில், அதே மண்ணடுக்கில் கிடைத்த கரித்துண்டின் வயதுதான். அண்டை வீட்டார் சொல்லும் சாட்சி! சாட்சி பொய் என்று நான் சொல்லவில்லை. யார் சாட்சி, எவ்வளவு அருகில் நின்றார் என்று கேட்க வேண்டும் என்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு. பாட்டனார் காலத்து வீட்டைப் பிரித்து, அதன் வேப்பமர உத்தரத்தை இன்று அடுப்பில் எரிக்கிறீர்கள். பக்கத்தில் நேற்று வாங்கிய தேநீர்க் கோப்பை உடைந்து கிடக்கிறது. பிற்காலத்தில் ஒருவர் இரண்டையும் சேர்த்து எடுத்து, கரியின் வயதையே கோப்பைக்கும் எழுதினால் என்ன ஆகும்? கோப்பை நூறு ஆண்டு மூத்துவிடும். எலி வளையும் பிற்காலத்தார் தோண்டிய குழியும் இதுபோன்ற குழப்பத்தைச் செய்யும்.

இந்த வகையில் நமக்கு அருகிலுள்ள பொருந்தல் ஒரு நல்ல சாட்சி. பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. ராஜன் அங்கு அகழாய்வு நடத்தினார். ஒரு கல்லறையில் ஜாடி நிறைய நெல்லும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனையும் இருந்தன. நெல்லைச் சோதித்ததில் கி.மு. 490 என்ற காலம் கிடைத்தது. நெல் ஓராண்டுப் பயிர். மரத்தைப் போல முந்தைய நூற்றாண்டைத் தன்னுள் வைத்திருக்காது. மூடிய கல்லறைக்குள் நெல்லும் எழுத்தும் சேர்ந்தே இருந்தன. ஆகவே சாட்சி மிக அருகில் நின்றது.

ஒரே எண் ஏன் போதாது?

ஆயினும் கி.மு. 490 என்று ஒற்றை எண்ணை மட்டும் எழுதுவது அறிவியலாகாது. காற்றிலுள்ள கரிமம் 14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. அதனால் கருவி தரும் எண்ணை, மர வளையங்களைக் கொண்டு வரைந்த திருத்தக் கோட்டோடு ஒப்பிட வேண்டும். நம் போதாத காலம், கி.மு. 800 முதல் 400 வரை அந்தக் கோடு ஏறக்குறைய படுத்துக் கிடக்கிறது. கருவி 2450 ஆண்டு என்று காட்டினால், அது கி.மு. 750க்கும் 410க்கும் இடையே பல ஆண்டுகளுக்குப் பொருந்தும். பொருந்தல் நெல்லின் 490, கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரிக்கு 2019ஆம் ஆண்டு அறிக்கை தந்த 580 ஆகிய இரண்டும் இந்தச் சமவெளிக்குள்தான் விழுகின்றன. சோதனைக்கூடம் எந்த விடையையும் பிழை எல்லையோடுதான் தரும். அந்த எல்லையை வெட்டி எறிந்துவிட்டு எண்ணை மட்டும் மேடையேற்றுகிறோம். இதைத்தான் நான் குறையாகச் சொல்கிறேன்.

இப்படிச் சொன்னால் தமிழின் தொன்மையைக் குறைப்பதாகச் சிலர் வருந்துவர். உண்மை நேர்மாறானது. நொய்யல் வடகரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் எழுத்துப் பொறித்த ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. கண்ணன், ஆதன், சம்பன் என்று அவற்றில் இருப்பவை பெரும்பாலும் ஆட்பெயர்கள். சீனத்து எலும்பு அரசரைப் பேசுகிறது. நம் ஓடு பானைக்கு உடையவரைப் பேசுகிறது. கல்மணி செய்த ஊரில், இரும்பு உருக்கிய ஊரில், இத்தனை பேர் தம் பெயரை எழுதியிருக்கிறார்கள் என்றால் அது சிறிய செய்தியா? இலங்கையின் அனுராதபுரத்திலும் அசோகருக்கு முற்பட்டதாகக் கணிக்கப்பட்ட பிராமி ஓடுகள் கிடைத்துள்ளன. பல ஊர்ச் சாட்சிகள் ஒரு திசையில் கைகாட்டும்போது, ஒற்றை எண்ணை இழுத்துப் பிடித்துத் தொங்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. மிகைப்படுத்திய ஓர் எண்ணை நாளை ஒருவர் உடைத்தால், அதனோடு நல்ல சாட்சிகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

மாணவர் கொண்டுவந்த ஓட்டுக்கு இப்போது வருகிறேன். மருந்துக் கடையில் வாங்கிய ஆமை ஓட்டுக்கு வயது சொல்லலாம். தோட்டத்து மண்ணிலிருந்து பைக்கு வந்த பானை ஓட்டுக்குக் கரிமத்தால் சொல்ல முடியாது. அதன் அண்டை வீடு போய்விட்டது. சுட்ட மண்ணின் ஒளிர்வை அளக்கும் வேறொரு முறை உண்டு. ஆனால் அதிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை பிழை வரும். ஓட்டைச் சூழ்ந்திருந்த மண்ணும் வேண்டும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாராபுரம், காங்கயம், பழனிப் பக்கத்துத் தோட்டங்களில் கிணறு வெட்டும்போதோ நிலம் சமன் செய்யும்போதோ இத்தகைய ஓடுகள் தென்பட்டால், அவற்றை எடுக்காதீர்கள். இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். மேடையில் யாராவது ஓர் ஆண்டைச் சொன்னால், எதைச் சோதித்தார்கள், அது எழுத்துக்கு எவ்வளவு அருகில் இருந்தது, பிழை எல்லை என்ன என்ற மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள்.

அந்த ஓட்டை எடுத்த இடத்தைக் காட்டச் சொல்லி மாணவரோடு மறுவாரம் போனேன். தோட்டத்தை அதற்குள் இயந்திரம் கொண்டு சமன் செய்துவிட்டிருந்தார்கள்.