கரும்பலகைக்கு முன்னால் ஒரு கேமரா

பல்கலைக்கழகப் பாடத்தைத் தொலைக்காட்சியில் யாரும் ரசிப்பதற்கென்று பார்ப்பதில்லை. பரீட்சைக்குப் பார்ப்பார்கள், அரியரை முடிக்கப் பார்ப்பார்கள், அப்ரைசலில் காட்ட ஒரு சான்றிதழ் கிடைக்குமே என்று பார்ப்பார்கள். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் தொழிற்சாலை லைனில் நிற்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஐ.ஐ.டி. பாடங்களைத் தரும் ‘என்பிடெல்’ என்ற பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். பாதியில் நிறுத்திய கதையும் கூடவே வரும். ‘போரடிக்குது சார்.’ போரடிக்கத்தான் செய்யும். கச்சேரிக்குப் போகிறவருக்குத் தாளம் போடச் சொல்லித்தர பக்கத்தில் ஒரு மாமா இருப்பார். இங்கே எதைக் கவனிப்பது என்று சொல்ல ஆளில்லை.

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். இது எத்தனை மணிக்கு, யாருக்காக ஒளிபரப்பானது? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாலே ஆசிரியரின் குரலும் வேகமும் பாதி புரிந்துவிடும். 1957இல் நியூயார்க் பல்கலைக்கழகமும் சி.பி.எஸ். தொலைக்காட்சியும் சேர்ந்து ‘சன்ரைஸ் செமஸ்டர்’ தொடங்கியபோது வாத்தியாருக்குக் கிடைத்தது காலை ஆறரை மணி. விளம்பரக்காரர்கள் சீண்டாத நேரம். அந்த வேளையிலும் இலக்கியப் பேராசிரியர் ஃப்ளாய்ட் ஸூலி ஸ்டெந்தாலின் நாவலைப் பற்றிப் பேசினார். நகரத்துப் புத்தகக் கடைகளில் அந்த நாவல் விற்றுத் தீர்ந்தது. பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி 1971 ஜனவரியில் பி.பி.சி.யில் பாடம் நடத்தத் தொடங்கி 2006 டிசம்பர் வரை நடத்தியது. அதற்கும் பெரும்பாலும் விடியற்காலையும் நடுராத்திரியும்தான் வாய்த்தன. தூக்கக் கலக்கத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்பதையே அந்த ஆசிரியர்கள் ஒரு வித்தையாகப் பழகிக்கொண்டார்கள்.

நம் நாட்டில் நினைவில் வைக்க வேண்டிய தேதி 1984 ஆகஸ்ட் 15. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) ‘கன்ட்ரிவைட் கிளாஸ்ரூம்’ அன்று தூர்தர்ஷனில் தொடங்கியது. முந்தைய ஆண்டு விண்ணுக்குப் போன இன்சாட்-1பி தயவில் ஒரே பாடம் நாடு முழுக்கத் தெரிந்தது. ஒளிபரப்பு மதியத்தில். கல்லூரி மாணவர் அந்நேரத்தில் கல்லூரியில் இருப்பார். டிவி முன்னால் இருந்தவர்கள் பாட்டிகளும், காய்ச்சல் என்று லீவு போட்ட பிள்ளைகளும். ஆனாலும் அந்த நிகழ்ச்சிகளை லேசாக எடைபோட்டுவிட வேண்டாம். நூலகமும் ஆய்வகமும் சரியாக இல்லாத சிறு நகரக் கல்லூரி மாணவர்தான் அவற்றின் இலக்கு. பாடத்திட்டத்தை வரிக்கு வரி நடத்துவதில்லை. ஒரு பொருளின் மேல் ஆசை உண்டாக்கினால் போதும் என்ற எண்ணம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இதற்காகவே தயாரிப்பு மையங்கள் வந்தன. அந்தக் காலத்துப் பதிவு ஏதேனும் கண்ணில் பட்டால் படத்தைப் பாருங்கள், பேச்சை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். கையால் வரைந்த அசைபடங்கள், நுண்ணோக்கியில் எடுத்த காட்சிகள் என்று இருக்கிற வசதிக்குள் ஒரு கருத்தைக் கண்ணுக்குக் காட்டிவிடத் துடித்த ஆட்களின் உழைப்பு தெரியும்.

2000 குடியரசு தினத்தன்று ஞான் தர்ஷன் என்ற கல்விச் சேனல் வந்தது. 2003இல் தொழில்நுட்பப் பாடங்களுக்கென்றே ஏகலவ்யா சேனல். அதே ஆண்டில் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. அதில் சென்னை ஐ.ஐ.டி.க்கு முக்கியப் பங்கு. இங்கேதான் கலையே மாறியது. யு.ஜி.சி. காலத்தில் பாடத்தைப் படமாக்கினார்கள்; இவர்கள் வகுப்பையே அப்படியே எடுத்தார்கள். ஒரு பாடத்துக்குச் சுமார் 40 வகுப்புகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், வெட்டு மிகக் குறைவு. யூடியூபில் இன்று அவற்றைப் பார்ப்பவருக்கு ‘ஏன் இவ்வளவு நீளம்’ என்று தோன்றும். அவை தொலைக்காட்சிக்கும் போன பாடங்கள். மணிக்கணக்கு வைத்து ஒளிபரப்பும் சேனலுக்கு அந்த நீளம்தான் தோது.

இந்தப் பாடங்களில் ரசிக்க வேண்டியது கை. உலோகத் தகட்டை வளைப்பது பற்றிய வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் முதலில் இரண்டு கோடுகள் போடுவார்: படுக்கையில் நீட்சி, செங்குத்தில் தகைவு. மூலையிலிருந்து நேராக ஏறும் ஒரு கோடு. ஓரிடத்தில் அது சாய்ந்து வளைவாகும். தகடு நிரந்தரமாக வளையத் தொடங்குவது அங்கேதான். இதுவரை எந்தப் புத்தகத்திலும் உண்டு. அடுத்து வரும் கோட்டுக்காகக் காத்திருங்கள். பளுவை எடுத்ததும் கோடு வந்த வழியே திரும்பாது. முதல் நேர்கோட்டுக்கு இணையாக இறங்கி, மூலைக்கு வராமல் சற்றுத் தள்ளியே அடித்தளத்தைத் தொடும். பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவர் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். டை திறந்ததும் பாகம் கொஞ்சம் விரிந்துகொள்கிறதே, ‘ஸ்பிரிங்பேக்’ என்று தினமும் திட்டுகிறோமே, அது இந்தச் சாய்வுக் கோடுதான். உறுதி கூடிய எஃகு ஏன் அதிகமாக விரிகிறது என்பதும் அதே படத்தில் இருக்கிறது: கோடு இன்னும் உயரத்திலிருந்து இறங்க வேண்டியிருக்கிறது. பொறியியல் கல்லூரி மாணவருக்கு அது இரண்டு மார்க் விடை. அந்த டையை மறுபடி மறுபடி ஷிம் வைத்துச் சரிசெய்தவருக்கு அதில் கிடைப்பது வேறு ருசி.

சென்னை ஐ.ஐ.டி.யின் வி. பாலகிருஷ்ணன் நடத்திய இயற்பியல் வகுப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். முன்னால் மாணவர்கள் இருக்கிறார்கள், கரும்பலகை இருக்கிறது. கேமரா ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. கேள்வி கேட்டுவிட்டு அவர் காத்திருப்பார். ஒரு சமன்பாட்டை எழுதுவதற்கு முன்பே, விடை எந்த வடிவில் வர வாய்ப்பு உண்டு, எது வரவே முடியாது என்று பேசுவார். கணக்குப் புரியாவிட்டாலும் அந்தப் பேச்சைக் கேளுங்கள். ஒரு மனிதர் சத்தமாக யோசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை.

இதனால்தான் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. சுண்ணக்கட்டி நகரும் நேரம்தான் நமக்குப் புரிகிற நேரம். ஆனால் திரையில் இருக்கிற ஸ்லைடைப் பேராசிரியர் எழுத்துக்கூட்டி வாசிக்கும் வகுப்புகளும் ஏராளம். அவற்றுக்கு இரண்டு மடங்கு வேகமே மரியாதை. பத்து நிமிடத்துக்குள் அவர் ஒரு முறையாவது தன் சொந்த வாக்கியத்தைப் பேசவில்லை என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். ஒரே பாடத்தை மூன்று நான்கு ஐ.ஐ.டி.காரர்கள் நடத்தியிருப்பார்கள்.

பழைய ஓப்பன் யுனிவர்சிட்டி நிகழ்ச்சிகளைப் பார்த்தால் தாடியும் அகல டையும் சிரிப்பை வரவழைக்கும். சிரித்துவிட்டுத் தொடர்ந்து பாருங்கள். லண்டனில் பி.பி.சி. 1936இல் தன் வழக்கமான ஒளிபரப்பைத் தொடங்கிய அலெக்ஸாண்ட்ரா பேலஸ் கட்டடத்தில்தான் தொடக்கத்தில் அவை தயாராயின. மேசைமேல் மாதிரிகளைச் செய்து சுழற்றிக் காட்டுவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நேரத்துக்கே மறுபடி வருகிறேன், ஒரகடம் வட்டாரத்துக்கு அது முக்கியம். 2017 ஜூலையில் தொடங்கிய ஸ்வயம் பிரபா என்ற கல்வி ஒளிபரப்பு 32 சேனல்களோடு வந்தது. தினமும் நான்கு மணி நேரம் புதிய பாடம்; அதுவே அன்றைக்கு மேலும் ஐந்து முறை மறுஒளிபரப்பு. ஆக 24 மணி நேரம். இதைத் தீர்மானித்தவர்கள் ஒரகடத்தை மனத்தில் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஏ, பி, சி என்று மூன்று ஷிப்டு சுழலும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான அட்டவணை இல்லை. டிடி ஃப்ரீ டிஷ் ஆன்டெனா இருந்தால் மாதக் கட்டணமும் கிடையாது. வீட்டில் டிவி இல்லாதவருக்கு இருக்கவே இருக்கிறது செல்போன்.

இதைப் பார்த்து பி.இ. பட்டம் வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொலைதூரக் கல்வியில் பொறியியல் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் இல்லை. என்பிடெல் சான்றிதழ் வேண்டுமென்றால் மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். ரசிக்க மட்டும் விரும்புகிறவருக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. முதல் முறை பேனாவைத் தொடாதீர்கள். நோட்டுப் புத்தகம் இரண்டாம் முறைக்கு.

எதிலிருந்து தொடங்குவது? தன் கைக்குத் தெரிந்ததிலிருந்து. வெல்ட் ஷாப்காரர் வெல்டிங் பாடத்திலிருந்து, பெயின்ட் ஷாப்காரர் துருப்பிடித்தல் பற்றிய பாடத்திலிருந்து. டயர் கம்பெனியில் இருப்பவர் ரப்பர் தொழில்நுட்பத்தைத் தேடிப் பிடித்து, கந்தகம் ரப்பரின் நீண்ட சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போடுகிற வகுப்பு வரும்வரை பொறுமையாக இருக்கலாம். தினமும் மூக்கில் ஏறுகிற அந்த வாடைக்குக் காரணம் அங்கே பலகையில் வரையப்படும்.