குரோம்பேட்டையில் வைத்துப் படித்த 'அக்னிச் சிறகுகள்'

அப்துல் கலாம் அருண் திவாரியோடு சேர்ந்து எழுதி 1999இல் ஆங்கிலத்தில் வந்த தன்வரலாறு, தமிழில் 'அக்னிச் சிறகுகள்' ஆகி, பள்ளி ஆண்டுவிழாக்களில் பரிசாகக் கொடுக்கப்படுகிற புத்தகமாகிவிட்டது. என் அக்கா மகனுக்கும் கிடைத்தது. படித்து முடித்துவிட்டு, "மாமா, இதுல நம்ம ஊரு வருது" என்றான். எம்.ஐ.டி. வருகிறது. ஊர் வருகிறதா?

ஊருக்குப் பெயர் கொடுத்ததே ஒரு தோல் தொழிற்சாலைதான், குரோம் லெதர் கம்பெனி. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை இழுத்துப்போட்டு மயிரும் சவ்வும் சுரண்டிய கைகள் எந்தத் தெருவிலிருந்து வந்தன என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கப்பா இந்தப் பக்கத்தில் ஒரு தோல் கம்பெனியில் அதைத்தான் செய்தார். குரோம் உப்பு விரல் இடுக்கில் புண்ணாகும். சோறு பிசைய முடியாது. அவருக்கென்று அம்மா ஒரு ஸ்பூன் வாங்கி வைத்திருந்தாள்.

அதே ஊரில் 1949இல் சி. ராஜம் எம்.ஐ.டி.யை நிறுவினார். கலாம் அங்கே விமானப் பொறியியல் படித்தார். கட்டணத்துக்காக அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்ததை எழுதுகிறார். வளாகத்தில் நிறுத்திவைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள் தன்னை இழுத்ததை எழுதுகிறார. நல்ல பக்கங்கள். அடகுக்கடைப் படி ஏறி இறங்கிய எவருக்கும் தொண்டை அடைக்கும். எங்கப்பாவுக்கு அந்தக் காம்பவுண்டுச் சுவர் மட்டும்தான் தெரியும். "உள்ள பிளேன் நிக்குதாம்டா" என்பார்.

தள்ளிவைக்கப்படுவதை அறியாதவர் அல்ல கலாம். ராமேஸ்வரம் பள்ளியில் புதிதாக வந்த ஆசிரியர், பூணூல் போட்ட நண்பனின் பக்கத்திலிருந்து அவரை எழுப்பிக் கடைசிப் பெஞ்சுக்கு அனுப்புகிறார். சிவசுப்பிரமணிய ஐயர் சாப்பிடக் கூப்பிட, ஐயரின் மனைவி தன் அடுக்களையில் பரிமாற மறுக்கிறார். இரண்டும் எப்படி முடிகின்றன? நண்பனின் அப்பா, கோயிலின் தலைமைக் குருக்கள், ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறார். அடுத்த வாரம் அந்த அம்மாளே உள்ளே அழைத்துப்போய்ச் சோறு போடுகிறார். பெரிய மனுசங்க மனசு வைத்தால் தீண்டாமை தீர்ந்துபோகும் என்கிற கட்டுமானம் இது. நம்மைப் பின்னால் உட்காரவைத்த வாத்தியாரைக் கண்டிக்க எந்தக் குருக்கள் வந்தார்?

தும்பாவுக்கு வருவோம். மீனவர்கள் இடம்பெயர்ந்த கடற்கரை. மகதலேனா மரியாள் தேவாலயம்தான் முதல் அலுவலகம். 21 நவம்பர் 1963 அன்று ஏவிய அமெரிக்க நைக்-அப்பாச்சி ராக்கெட்டும் அந்தத் தேவாலயத்திலேதான் பொருத்தப்பட்டது. ஏவுமேடைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் கிரேனில் எண்ணெய் கசிந்துவிடுகிறது. கடைசியில் ஆட்கள் சேர்ந்து தசைபலத்தாலேயே தூக்கி வைக்கிறார்கள். இந்தியாவின் விண்வெளிக் கதை தொடங்கும் நாளிலேயே இயந்திரம் கைவிட்டு, கை தூக்கியிருக்கிறது. எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகப் பிடித்த இடம் இது. பொறியாளர்களும் தோள் கொடுத்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் கிரேன் மக்கர் பண்ணினால் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த ஆட்களுக்கு ஒரு வரி கூடுதலாகக் கொடுத்திருக்கலாம்.

சமாதானம் ஆக முடியாத இடம் வெர்னர் வான் பிரௌன். சென்னையிலிருந்து தும்பாவுக்கு அவரோடு ஆவ்ரோ விமானத்தில் போனதைக் கலாம் எழுதுகிறார். (சென்னை என்றால் மீனம்பாக்கம், எங்களுக்கு மூணாவது ஸ்டேஷன்.) வி-2 ஏவுகணையை மாபெரும் சாதனை என்கிறார். லண்டனை அது நாசமாக்கியதை மறைக்கவில்லை. நோர்ட்ஹவுசன் அருகே நிலத்தடித் தொழிற்சாலையில் அதைச் செய்ததையும் சொல்கிறார். அந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் யார்? மிட்டல்பாவ்-டோரா முகாமின் கைதிகள். அந்த முகாமுக்கு வந்த சுமார் 60,000 பேரில் 20,000 பேர் அளவுக்குச் செத்தார்கள். வி-2 விழுந்து செத்தவர்களைவிட அதைச் செய்யப்போய்ச் செத்தவர்கள் அதிகம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். தொழிற்சாலையின் பிரம்மாண்டத்தைச் சொல்லும் பிரதி உள்ளே இருந்தவர்களைச் சொல்லாமல் கடந்துபோகிறது. கடைசிப் பெஞ்சுக்கு அனுப்பப்பட்ட ஒருவர் இதை எழுதினார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பையனிடம் இதைப் படிக்காதே என்று சொல்லமாட்டேன். நோர்ட்ஹவுசன் வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 20,000 என்று எழ்திக் கொடுத்தேன். அவன் அடுத்த வருஷம் எம்.ஐ.டி.க்கு விண்ணப்பம் போடுகிறான்.